வயதுக்கு இத்தனை வெள்ளி: சிங்கப்பூரின் வேலை அனுமதி விதிகளை வாசித்தல்

நாவலையும் திரைப்படத்தையும் பெண்ணிய நோக்கில் வாசிக்கப் பழகிய நாம், ஒரு குடியேற்ற விதியை அப்படி வாசிப்பது அபூர்வம். விதி என்றால் அது வக்கீலுக்கும் ஏஜெண்டுக்கும் உரியது என்று விட்டுவிடுகிறோம். சிங்கப்பூர் மனிதவள அமைச்சு வெளியிடும் வேலை அனுமதி நிபந்தனைகளை வரிவரியாகப் படித்தால் சில விஷயங்கள் தெரியவரும். 'வேலை செய்பவர்' என்று சொல்லும்போது அந்த அரசு யாரை மனத்தில் வைத்திருக்கிறது, அவருக்கு வீடு என்று ஒன்று உண்டா, அந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள், யார் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப்போகிறார்கள் என்பதற்கெல்லாம் அந்த விதிகளில் பதில் இருக்கிறது. நேரடியாகச் சொல்லப்பட்டிருக்காது, அவ்வளவுதான்.

அங்கே வேலைக்குப் போகும் வெளிநாட்டவருக்கு மூன்று வாசல்கள். உயர் தகுதி பெற்ற நிபுணர்களுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ். நடுத்தரத் திறன் உள்ளவர்களுக்கு எஸ் பாஸ். கட்டட வேலை, கப்பல் பட்டறை, வீட்டு வேலை போன்றவற்றுக்கு ஒர்க் பெர்மிட். தமிழ்நாட்டில் மாவட்டத் தலைநகரங்கள்வரை இந்தச் சொற்கள் தெரியும். 'மாப்பிள்ளை சிங்கப்பூரில் இ.பி.' என்று வரன் தேடும் விளம்பரத்திலேயே போடுகிறார்கள். 'பெர்மிட்டில் இருக்கிறார்' என்றால் அதே வீட்டில் பேச்சின் தொனி மாறிவிடுகிறது. அரசு வகுத்த படிநிலை நம் கல்யாணச் சந்தையில் ஒரு தகுதிப் பட்டமாகவே ஆகிவிட்டது.

எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான தகுதி நிபந்தனைகளில் ஆண், பெண் என்ற பேச்சே இல்லை. சம்பளம், படிப்பு, வயது, நிறுவனம், நாடு என்றுதான் இருக்கும். பெண் என்ற சொல்லைத் தேடிக்கொண்டே போனால், அது கீழ்த்தட்டில், ஒர்க் பெர்மிட் நிபந்தனைகளில்தான் கிடைக்கிறது. அங்கே அது கர்ப்பத்தைப் பற்றிய வாக்கியத்தில் இருக்கிறது. மேல்தட்டில் பெண்ணுக்கு உடலே இல்லை, கீழ்த்தட்டில் உடலைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பதுபோல எழுதப்பட்ட ஆவணம் இது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தால்தான் மேல்தட்டின் 'நடுநிலை' எதன்மேல் நிற்கிறது என்பது விளங்கும்.

முதலில் மேல்தட்டைப் பார்ப்போம். எம்ப்ளாய்மென்ட் பாஸ் கேட்பவர் இரண்டு கட்டங்களைக் கடக்க வேண்டும். முதல் கட்டம் சம்பளம். 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சம் மாதம் 5,600 வெள்ளி என்று சொல்கிறார்கள். செய்திகளில் இந்த ஒரு எண்தான் வருகிறது. ஆனால் இது 23 வயதுக்காரருக்கான எண். வயது ஏற ஏற இந்த வரம்பும் ஏறிக்கொண்டே போகும். 45 வயதிலும் அதற்கு மேலும் அது 10,700 வெள்ளி. நிதித் துறையில் இன்னும் அதிகம்: 6,200இல் தொடங்கி 11,800வரை போகும். 22 ஆண்டுகளில் 5,100 வெள்ளி உயர்வு என்று வைத்து வகுத்துப் பார்த்தால், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஏறக்குறைய 230 வெள்ளி வருகிறது.

இந்த ஏணிக்குப் பின்னால் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது, அது வெறும் சாக்கு அல்ல. அனுபவம் மிக்க, வயதான உள்ளூர் ஊழியரை நீக்கிவிட்டு அதே வயதுள்ள வெளிநாட்டவரைக் குறைந்த சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைத் தடுக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த உள்ளூர் ஊழியர்களில் பெண்களும் உண்டு. அவர்களுடைய பாதுகாப்பை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் பாதுகாப்புக்கு எதை அளவுகோலாகக் கொள்கிறார்கள் என்பதைப் பாருங்கள். வேலை செய்த ஆண்டுகளை எண்ணவில்லை, பிறந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை எண்ணுகிறார்கள். ஒருவர் பிறந்த தேதியைத் தெரிந்துகொண்டால் அவர் எவ்வளவு சம்பாதித்திருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும் என்று இந்த விதி நம்புகிறது. 23 வயதில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு மாதம்கூட இடைவெளி இல்லாமல், ஒவ்வோர் ஆண்டும் ஊதிய உயர்வு வாங்கி 45 வயதை அடைகிற ஓர் உயிர்தான் அதன் கற்பனையில் இருக்கிறது. பிரசவம், மாமியாரின் பக்கவாதம், கணவனின் இடமாற்றம், குழந்தையின் பத்தாம் வகுப்பு, இவை எதுவும் அந்த உயிருக்கு நேர்வதில்லை. அல்லது நேர்கின்றன, வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்.

பொறியியல் படித்த ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். 28 வயதில் குழந்தை, ஐந்து ஆண்டுகள் வீட்டில், 33இல் மீண்டும் வேலை. இப்போது 38. அவருடைய சம்பளம், இடைவெளியே இல்லாமல் உழைத்த ஒரு 33 வயது ஆணுடைய சம்பளத்துக்கு ஈடாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். (நடைமுறையில் அதற்கும் குறைவாகத்தான் இருக்கும். திரும்பி வருகிற பெண்ணை நிறுவனங்கள் விட்ட இடத்தில் வைப்பதில்லை.) மேலே போட்ட கணக்குப்படி 33 வயதுக்கான வரம்பு தோராயமாக 7,900 வெள்ளி, 38 வயதுக்கு 9,000 வெள்ளியை ஒட்டி. ஒரே வேலை, ஒரே சம்பளம், ஒரே அனுபவம். அந்த ஆண் உள்ளே வருகிறார். இவர் ஆயிரத்து நூறு வெள்ளிக்கு மேல் பற்றாக்குறையோடு வெளியே நிற்கிறார். எந்த அதிகாரியும் இவரிடம் 'உனக்குக் குழந்தை உண்டா' என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையில்லாதபடி விதியே அதைச் செய்துவிட்டது.

பாகுபாடு என்றால் யாரோ ஒருவர் பெண்ணைப் பார்த்து முகம் சுளிப்பது என்றே பலர் எண்ணுகிறார்கள். முகமே இல்லாத ஓர் அட்டவணை அதைவிடத் துல்லியமாக வேலை செய்யும்.

இரண்டாம் கட்டம் காம்பஸ் என்னும் மதிப்பெண் முறை. 2023 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு வந்தது, ஓர் ஆண்டு கழித்துப் புதுப்பித்தல்களுக்கும். மாதம் 22,500 வெள்ளி அல்லது அதற்கு மேல் நிலையான சம்பளம் வாங்குபவருக்கு இது வேண்டியதில்லை. மற்றவர்கள் நாற்பது மதிப்பெண் பெற வேண்டும். நான்கு அடிப்படைத் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20. சம்பளத்துக்கு மதிப்பெண் தரும்போது அதே துறையில் அதே வயதுள்ள உள்ளூர் நிபுணர்களோடு ஒப்பிடுகிறார்கள். அதாவது, வயது இங்கே இரண்டாம் முறையாக வந்து நிற்கிறது.

படிப்புக்கான மதிப்பெண் எனக்கு இன்னும் சுவாரசியமாகப் படுகிறது. உலகத் தரவரிசையில் முன்னணியில் இருக்கும் பல்கலைக்கழகம் என்றால் 20. பிற அங்கீகரிக்கப்பட்ட பட்டம் என்றால் 10. இது திறமையை அளப்பதாகத் தோன்றும். ஆனால் நம் ஊரில் ஒரு பெண் எந்தக் கல்லூரியில் படிக்கிறார் என்பதை அவருடைய மதிப்பெண் மட்டுமா முடிவு செய்கிறது? விடுதியில் விடமாட்டோம், பஸ்ஸில் போய் மாலையில் திரும்பும் தூரத்தில் இருக்க வேண்டும், பெண்கள் கல்லூரியாக இருந்தால் நல்லது, கோச்சிங்குக்குக் கொடுக்கும் பணத்தைத் தம்பிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று வரிசையாக வரும் தீர்மானங்களுக்குப் பிறகு மிஞ்சுவதுதான் அவருடைய கல்லூரி. 17 வயதில் அப்பா போட்ட கோடு, 30 வயதில் வேறொரு நாட்டின் கணினியில் பத்து மதிப்பெண் குறைவாகப் பதிவாகிறது. இந்தப் பத்து சாதாரணமானது அல்ல. 25க்கும் குறைவான நிபுணர்கள் வேலை செய்யும் சிறு நிறுவனங்களுக்கு, நிறுவனம் சார்ந்த இரண்டு தலைப்புகளிலும் தலா 10 தானாகவே கிடைத்துவிடும். அப்படிப்பட்ட நிறுவனத்தில் சம்பளத்துக்கு 0 வாங்கினாலும், பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தவர் 20 சேர்த்து நாற்பதைத் தொட்டுவிடுவார். பக்கத்து ஊர்க் கல்லூரியில் படித்தவர் முப்பதோடு நிற்பார். ஊக்க மதிப்பெண்கள் என்று இன்னும் இரண்டு உண்டு, ஆனால் அவை குறிப்பிட்ட தொழில்களுக்கும் அரசு தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்கும் மட்டும்.

நான்கு தலைப்புகளில் ஒன்றின் பெயர் பன்மைத்துவம். இதைப் பார்த்ததும் ஒரு நம்பிக்கை பிறக்கும். பெண்கள் குறைவாக உள்ள இடத்தில் ஒரு பெண்ணை எடுத்தால் மதிப்பெண் உண்டோ? இல்லை. இங்கே பன்மைத்துவம் என்றால் நாட்டுரிமை மட்டுமே. நிறுவனத்தின் நிபுணர்களில் விண்ணப்பதாரரின் நாட்டவர் 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் 20, 25 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 0. இந்தியப் பொறியாளர்கள் நிறைந்த ஒரு மென்பொருள் நிறுவனத்தில், அங்கே வரும் முதல் பெண்ணாக இருந்தாலும், அவருக்குப் பூஜ்யம்தான். அரசின் எண்ணத்தில் பன்மை என்பது பாஸ்போர்ட்டின் நிறத்தோடு முடிந்துவிடுகிறது.

இனி இந்த வாசலில் தானே விண்ணப்பிக்காமல், மனைவியாக நுழைகிறவரைப் பார்ப்போம். டிபென்டன்ட் பாஸ் என்பது தமிழில் சார்ந்திருப்போர் அனுமதி. கணவனுடைய மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளியாக இருந்தால்தான் அதைக் கேட்க முடியும். நிபுணர் என்று ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு 5,600 போதும், மனைவியோடு வாழ 6,000 வேண்டும். இடையில் இருக்கும் 400 வெள்ளிதான் குடும்பத்துக்கு அரசு வைத்திருக்கும் நுழைவுக் கட்டணம் போலும். இந்த அனுமதிக்கு விண்ணப்பிப்பவர் மனைவி அல்ல, கணவனும் அல்ல, கணவனை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம். தன் கணவனோடு ஒரே வீட்டில் இருப்பதற்குக் கணவனின் முதலாளி விண்ணப்பம் போட வேண்டும் என்பதை நாம் எவ்வளவு சாதாரணமாக ஏற்றுக்கொண்டுவிட்டோம்! அவருக்கு வேலை போனால் இவருடைய அனுமதியும் அதோடு ரத்தாகும். சண்டை போடுவதற்கும், பிரிந்து போவதற்கும், 'இந்த வேலையை விட்டுவிடுங்கள்' என்று சொல்வதற்கும் இவர் யோசிக்க வேண்டிய கணக்கு அதிகம்.

2021வரை இந்த ஏற்பாட்டில் ஒரு ஜன்னல் இருந்தது. எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரரின் மனைவி ஒரு வேலையைத் தேடிக்கொண்டால், அந்த முதலாளி 'ஒப்புதல் கடிதம்' ஒன்றைப் பெற்றால் போதும். சம்பள வரம்பு இல்லை. பகுதிநேர வேலையாகவும் இருக்கலாம். பாலர் பள்ளியில் நான்கு மணி நேரம், ஒரு சிறு அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என்று பெண்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 2021 மார்ச்சில் அப்போதைய மனிதவள அமைச்சர் ஜோசஃபின் டியோ இந்த ஜன்னலை மூடுவதாக அறிவித்தார். அந்த ஆண்டு மே முதல், வேலை செய்ய விரும்பும் மனைவி தனக்கென்று எம்ப்ளாய்மென்ட் பாஸோ, எஸ் பாஸோ, ஒர்க் பெர்மிட்டோ பெற வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பது அரசு தரப்பு வாதம். இப்படி வேலை செய்தவர்கள் மொத்த வேலை அனுமதிக்காரர்களில் சுமார் 1 சதவீதம்தான் என்றும் சொல்லப்பட்டது.

எண்ணிக்கை சிறியது என்பதால் இழப்பும் சிறியது என்று ஆகாது. ஒரு சதவீதம் பேரிடமிருந்து உள்ளூர் வேலைகளுக்கு என்ன ஆபத்து வந்துவிட்டது என்ற கேள்வியும் அந்த எண்ணிலிருந்தே எழுகிறது. 'ஒரே அளவுகோல்' என்ற வாதத்தைப் பெண்ணியம் நன்றாக அறியும். மனைவியாக வந்தவர் 37 வயதில், சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, நான்கு மணி நேர வேலை கேட்கிறார். அவர் முன்னால் வைக்கப்படும் ஏணி, முழுநேரம் உழைத்த 37 வயதுக்காரருக்குச் செய்தது. அதில் ஏற முடியாவிட்டால் எஸ் பாஸ் அல்லது பெர்மிட். அவற்றுக்கு நிறுவனத்தில் ஒதுக்கீடு இருக்க வேண்டும், முதலாளி மாதாமாதம் தீர்வை கட்ட வேண்டும். ஒரு பகுதிநேர ஆசிரியைக்காக யார் அதைச் செய்வார்கள்? சொந்தத் தொழில் தொடங்கினால் கடிதம் கிடைக்கும். ஆனால் கடிதத்தைத் தொடர்ந்து புதுப்பிக்க, உள்ளூர்க்காரர் ஒருவரையாவது உரிய சம்பளத்துக்கு வேலைக்கு வைத்திருக்க வேண்டும். ஒன்றும் இல்லாமல் வீட்டிலிருந்தே இட்லி மாவு அரைத்து விற்றால், டியூஷன் எடுத்தால், அது அனுமதியற்ற வேலை. தண்டனை 20,000 வெள்ளிவரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும்.

அதே மாவை விற்காமல் வீட்டில் இருப்பவர்களுக்கு அரைத்துப் போட்டால் சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை. சார்ந்திருப்போர் என்ற சொல்லில் உள்ள பொய் இங்கேதான் வெளிப்படுகிறது. ஒரு நிபுணர் இரவு ஒன்பது மணிவரை அலுவலகத்தில் இருக்க முடிவது, வாரக்கடைசியில் பயணம் போக முடிவது, வயது ஏற ஏறச் சம்பளம் ஏறுவது எல்லாம் வீட்டில் ஒருவர் செய்யும் வேலையைச் சார்ந்தவை. யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பதை விதி தலைகீழாக எழுதியிருக்கிறது. இது இயற்கை விதியும் அல்ல. ஜெர்மனியில் நீல அட்டை பெற்று வரும் நிபுணரின் துணை, தன் குடியிருப்பு அனுமதி கைக்கு வந்த நாளிலிருந்து எந்த வேலையும் செய்யலாம், பகுதிநேரமோ முழுநேரமோ. அந்த நாட்டில் வேறு குறைகள் உண்டு, ஆனால் இந்த ஒரு கதவைத் திறந்து வைப்பதால் அதன் தொழில் சந்தை இடிந்துவிடவில்லை.

இதுவரை சொன்னவற்றோடு கட்டுரையை முடித்தால், அது நன்றாக அறிமுகமான ஒரு கட்டுரையாக இருக்கும். படித்த பெண், வெளிநாட்டு அடுக்குமாடி, வேலை செய்ய முடியாத துயரம் என்று புலம்பெயர் கதைகளிலும் கட்டுரைகளிலும் இதைப் பலரும் எழுதுகிறார்கள். அந்தத் துயரம் உண்மையானது. ஆனால் 'எங்களுக்கும் தகுதி இருக்கிறது' என்பது மட்டுமே நம் வாதமாக இருந்தால், தகுதி என்னும் அந்த ஏணியை நாம் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஏணியின் அடியில் நிற்பவரும் பெண்தான்.

சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர்கள் சுமார் 2 லட்சம் பேர். ஒர்க் பெர்மிட்டில் இல்லப் பணிப்பெண்களாக இருப்பவர்கள் சுமார் 3 லட்சம். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மியன்மார் மட்டுமல்ல, தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவர்கள் அவர்களில் உண்டு. 1978இல் வெளிநாட்டுப் பணிப்பெண் திட்டத்தை அந்த அரசு கொண்டுவந்தது, உள்ளூர்ப் பெண்கள் வீட்டைவிட்டு வேலைக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான். ஆண்கள் வீட்டு வேலையில் பங்கெடுப்பது என்ற மாற்று வழி அந்தத் திட்டத்தில் பேசப்படவில்லை. பணிப்பெண்ணுக்காகக் கட்டும் தீர்வைக்கு வருமான வரிச் சலுகை ஒன்றும் நெடுங்காலம் இருந்தது. அதைக் கோரும் உரிமை வேலைக்குப் போகும் பெண்களுக்கு மட்டும்: திருமணமானவர்கள், அல்லது மணமுறிந்தோ கணவனை இழந்தோ குழந்தையை வளர்ப்பவர்கள். கணவன் கோர முடியாது. பெண்களுக்கு உதவுவதுபோல் தோன்றும் இந்தச் சலுகை சொல்லும் செய்தி வேறு. வீட்டு வேலை மனைவியுடையது, அவர் வெளியே போனால் அவருக்குப் பதிலாக ஆள் வைக்கும் செலவும் அவருடையது. 2025 வரி மதிப்பீட்டு ஆண்டு முதல் அந்தச் சலுகை நீக்கப்பட்டது. எண்ணம் நீங்கியதா என்பது வேறு விஷயம்.

இந்தப் பணிப்பெண்ணுக்குக் குறைந்தபட்சக் கூலி இல்லை. வேலைவாய்ப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. வாரம் ஒருநாள் ஓய்வு என்பதே 2013இல்தான் விதியானது. அதற்குப் பதிலாகப் பணம் கொடுத்துவிடலாம் என்ற இடைவெளியும் அதில் இருந்தது. மாதம் ஒரு நாளாவது கட்டாயம் விடுமுறை தர வேண்டும், பணமாக மாற்றக்கூடாது என்பது 2023 ஜனவரியில் வந்தது. அவர் தன் குடும்பத்தை அழைத்துவர முடியாது, எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும். சிங்கப்பூர்க்காரரை மணக்க வேண்டுமானால் அமைச்சின் ஒப்புதல் வேண்டும். அனுமதிக் காலத்தில் கர்ப்பமாகக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கர்ப்பப் பரிசோதனை.

வயதைப் பற்றி மேலே பேசினோம். பணிப்பெண்ணாகப் போகவும் குறைந்தபட்சம் 23 வயது ஆகியிருக்க வேண்டும். இரண்டு பட்டியல்களும் ஒரே வயதில் தொடங்குவது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஒன்றில் ஒவ்வோர் ஆண்டும் மதிப்பு கூடியே தீர வேண்டும் என்று அரசு வற்புறுத்துகிறது. மற்றதில் பதினைந்து ஆண்டு அனுபவத்துக்கும் ஒரு வெள்ளி கூட்டித் தர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பிள்ளை வளர்ப்பதிலும் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவரைப் பார்ப்பதிலும் அனுபவம் என்று ஒன்று சேர்வதாகவே அந்த விதிகள் கருதவில்லை. வீட்டில் இருந்த ஐந்து ஆண்டுகளைப் பொறியாளரின் கணக்கிலிருந்து கழிக்கும் பார்வையும் இதுவேதான். ஒருவர் அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்தார், இன்னொருவர் குறைந்த சம்பளத்துக்குச் செய்கிறார். இரண்டு இடத்திலும் அது திறன் இல்லை.

எம்ப்ளாய்மென்ட் பாஸில் வேலை செய்யும் பெண் கர்ப்பமானால் அவரை யாரும் நாட்டைவிட்டு அனுப்புவதில்லை. குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றதாக இருந்தால் 16 வாரம் விடுப்பு, இல்லாவிட்டால் 12 வாரம், அதிலும் முதலாளி சம்பளம் தருவது எட்டு வாரத்துக்கு. பிறகு அவர் ஏணியில் நிற்க வேண்டுமானால் ஆள் வைத்தாக வேண்டும். அவரும் பணிப்பெண்ணை அமர்த்திக்கொள்ளலாம். குடிமக்களின் பிள்ளைகளுக்கு 60 வெள்ளியாகக் குறைக்கப்படும் மாதத் தீர்வை அவருக்கு முழுதாக 300 வெள்ளி. இப்படித்தான் அந்த இருவரும் ஒரே வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். இருவரிடமும் ஒரே அமைச்சு தந்த அட்டைகள்.

பிறந்த ஆண்டுக்குப் பதில் வேலை செய்த ஆண்டுகளை எண்ணுவது, துணையாக வந்தவருக்குப் பகுதிநேர வேலையைத் திரும்பத் தருவது, கர்ப்ப நிபந்தனையை நீக்குவது, பணிப்பெண்களை வேலைவாய்ப்புச் சட்டத்துக்குள் கொண்டுவருவது ஆகிய மாற்றங்களை நாம் கோரலாம். முதல் இரண்டும் படித்த பெண்கள் தங்களுக்காக எளிதில் கேட்கக்கூடியவை. கடைசி இரண்டையும் கேட்டால் அவர்களுடைய வீட்டுச் செலவு கூடும், ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவர்கள் தலையில் விழும், அல்லது ஒருவழியாகக் கணவன் தலையில் விழும்.

அந்த ஆறு மாதப் பரிசோதனையில் 2021 ஆகஸ்ட் முதல் எடையையும் உடலில் காயத் தடயங்களையும் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். முதலாளி அந்த அறையில் இருக்கக் கூடாது. நல்ல மாற்றம். ஆனால் கர்ப்பச் சோதனையும் அப்படியே தொடர்கிறது. உரிய தேதியில் பணிப்பெண்ணை அனுப்பிவைக்கும் கடமை முதலாளியுடையது. பெரும்பாலான வீடுகளில் அந்தத் தேதியை நினைவில் வைத்திருப்பவர் வீட்டுத் தலைவி.